பட்ட மருதமரத்து இருவாச்சி

பட்டுப்போன மரத்தின் பட்டையைக் கீறினால் ஒரு சத்தம் வரும், வெயிலில் காய்ந்த அப்பளத்தின் ஓரத்தை ஒடிப்பதுபோல. உயிருள்ள மரம் சத்தம் போடாது. நகத்துக்கடியில் கொஞ்சம் பச்சையையும் விரல் நுனியில் கொஞ்சம் ஈரத்தையும் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். ஜவ்வாது மலையில் மாசி, பங்குனி மாதங்களில் காடு முழுக்க இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதால், எது செத்தது, எது அடுத்த மழைக்குத் துளிர்க்கப்போவது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சின்னக் கிளையென்றால் நகத்தாலும், பெரிய மரமென்றால் கொடுவாளின் நுனியாலும் கீறித்தான் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்தில் இதைச் "சொரண்டிப் பாக்கறது" என்பார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. நான் பட்டது என்று சொன்ன மரம் பட்டதாகத்தான் இருக்கும்.

நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு அன்றைக்கு விறகில்தான் வெந்தது. அரிசியும் பருப்பும் ஜீப்பில் கீழேயிருந்து வந்துவிடும், விறகு வராது. மலையில் இருக்கிறவர்களுக்கு விறகையும் அனுப்பவேண்டுமா என்று கீழே நினைத்திருப்பார்கள். அதனால் "ஆளுக்கொரு கட்டை" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பையை ஒரு தோளிலும் கட்டையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வருவோம். கட்டை இல்லாமல் வருகிறவர்கள் சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்கவேண்டும். பிள்ளைகள் கொண்டுவரும் குச்சிகள் அரை அடுப்புக்குக்கூடக் காணாது. மீதியை அம்மாதான் சுமந்தாள்.

அம்மா அந்தப் பள்ளியின் சமையல் உதவியாளர். எல்லாப் பிள்ளைகளும் அவளை "ஆயா" என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நேரத்தில் நானும் அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இல்லாவிட்டால் மகளுக்கு ஒரு கரண்டி கூடப் போடுகிறாள் என்று பேச்சு வருமாம். விடிந்ததும் அவள் காட்டுக்குப் போய், விழுந்து கிடக்கும் சுள்ளிகளையும் காய்ந்த கிளைகளையும் கட்டித் தலையில் வைத்து, ஓடையைத் தாண்டி மேடேறி வருவாள். பக்கத்துக் காட்டில் கிடந்ததெல்லாம் தீர்ந்துபோய், ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகவேண்டியிருந்தது. அந்த வருடம் தை மாதத்திலிருந்தே அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு வலது கையில் விரல்கள் விறைத்துப்போக ஆரம்பித்தன. சுடுதண்ணீரில் கையைவிட்டு, "சூடு தெரியுதான்னே தெரியலடி" என்று சாதாரணமாகச் சொல்லுவாள்.

எங்கள் தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். அவர் செங்கத்துக்காரர். திங்கட்கிழமை பஸ் ஏறி வந்தால் வெள்ளிக்கிழமை மாலைதான் இறங்குவார். கோடையிலும் கழுத்திலிருந்து மஃப்ளரைக் கழற்றமாட்டார் என்பதைத் தவிர அவர்மேல் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. காட்டின்மேல் அவருக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அடிக்கடி ஒன்றைச் சொல்லுவார்: "பச்ச மரத்துமேல கை வைக்கிறது பாவம். பட்டத எடுத்தா பாவமும் இல்ல, பயமும் இல்ல." ஊரில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். காட்டிலாகாவின் வாட்சர் மாமாவும் இதைத்தான் சொன்னார். அப்பா மட்டும் என்ன, சாமைக் கொல்லைக்கு வேலி போடக்கூடப் பச்சைக் கிளையை ஒடிக்காதவர். பட்ட மரம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் குடியிருக்காத பொருள் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எனக்கு இருந்திருக்கவேண்டும். ஏனென்றால் பட்ட மரம் ஒன்றில் யார் குடியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில், ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய கருமருது பட்டு நின்றது. அதன் உயரத்தில், ஓடையைப் பார்த்த பக்கத்தில், ஒரு பொந்து இருந்தது. மாசி மாதக் கடைசியில் அந்தப் பொந்து மூடிக்கொண்டது. மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசியதுபோல, மரத்தின் நிறத்திலேயே ஒரு சுவர். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு நெட்டையாக ஒரு கீறல். சாம்பல் நிறத்தில், நீண்ட வாலோடு, அலகின்மேல் இன்னொரு அலகு முளைக்கப் பார்த்து நின்றுவிட்டதுபோல ஒரு சின்ன மேட்டோடு, இருவாச்சி ஒன்று வந்து அந்தப் பட்டையைப் பிடித்துத் தொங்கும். தொண்டைக்குள்ளிருந்து ஆலம்பழங்களை ஒவ்வொன்றாக அலகின் நுனிக்குக் கொண்டுவந்து அந்தக் கீறலில் கொடுக்கும். முதல்முறை பார்த்தபோது அது மரத்துக்குச் சோறூட்டுகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு உள்ளேயிருந்து இன்னொரு அலகின் நுனி வெளியே வருவதைப் பார்த்தேன்.

உள்ளே ஒருத்தி தன்னைத்தானே வைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வெளியே ஒருத்தன் நாள் முழுக்கக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியிருக்கவில்லை. ஓடைப் பாறையில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். தினமும் உட்கார்ந்தேன், தினமும் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு தட்டுக்கூடக் கிடையாது. இது எனக்கென்று இருந்தது.

பங்குனியில் பெரிய சார் வாட்சர் மாமாவிடம் பேசி ஒரு சம்மதம் வாங்கினார். முழுக்கப் பட்டுப்போன மரம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, பரீட்சை முடியும்வரை பள்ளி அடுப்புக்கு வெட்டிக்கொள்ளலாம். "நல்லா சொரண்டிப் பாத்துச் சொல்லுங்க, பச்ச இருந்தா நான் பொறுப்பில்ல" என்று வாட்சர் மாமா சொல்லிவிட்டுப் போனார். மரத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். சிலர் நோஞ்சான் மரங்களைச் சொன்னார்கள். ஒருவன் காட்டிய மரம் சுரண்டியபோது பச்சை காட்டிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியே திறக்காமல் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கஞ்சி வடிக்கும்போது அம்மாவின் கையிலிருந்து குண்டான் நழுவிவிட்டது. பாதிச் சோறு மண்ணில். அவளுக்குக் காலில் கொஞ்சம் சுட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் அரை வயிறு சாப்பிட்டார்கள். பெரிய சார் திட்டவில்லை. சமையல் கூடத்து வாசலில் நின்று, மஃப்ளரின் நுனியைத் திருகிக்கொண்டே, மிக மரியாதையாக, "முடியலன்னா சொல்லிடுங்கம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க, வேற யாரையாச்சும் பாக்கலாம்" என்றார். அம்மா, "கட்ட தூக்கறதுதான் சார் முடியல, மத்ததெல்லாம் செய்வேன்" என்றாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த வேலை போய்விட்டால் எங்களுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கொல்லை கைவிட்ட வருடங்களில் நாங்கள் தின்ற சோறெல்லாம் அந்த வேலையிலிருந்து வந்ததுதான்.

நான் வகுப்பிலிருந்து எழுந்துபோய், "சார், ஓடகிட்ட ஒரு மருதமரம் இருக்குது சார். முழுசாப் பட்டது. நான் சொரண்டிப் பாத்துட்டேன்" என்றேன். அவர் என் தலையில் கைவைத்தார். சாயந்திரம் கூடவந்து, நான் காட்டிய இடத்தில் கொடுவாளால் கீறிப் பார்த்து, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அப்பாவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் ரம்பத்தோடும் கோடாலியோடும் வந்தார்கள். வாட்சர் மாமா ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். மரம் வெட்டுகிறவர்கள் மேலே பார்க்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அப்பா நன்றாகவே பார்த்தார். தேன்கூடு இருக்கிறதா, முறிந்து தொங்கும் கிளை இருக்கிறதா, எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்தார். மரத்தின் நிறத்திலேயே மரத்தில் பூசியிருந்த மண், தேன்கூட்டைத் தேடுகிற கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்கள் நின்றதால் ஆண் பறவையும் பக்கத்தில் வரவில்லை. நான் ஓடைப் பாறையில் நின்றிருந்தேன். அங்கிருந்து அந்தக் கீறல் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "அப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரம்பம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, நான் அம்மாவின் கையை நினைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதையும் நினைக்கவில்லை. அதற்கு மேல் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. பயமும் இல்லை, துக்கமும் இல்லை. யாரோ வேறு ஒரு பெண் அங்கே நிற்பதுபோல இருந்தது.

மரம் விழுந்து, பொந்து இருந்த இடத்தில் பிளந்தது. அப்பாதான் முதலில் கிட்டே போனார். "இன்னாடா இது" என்றார். பிறகு குனிந்து, "இருவாச்சி" என்றார். தாய்ப்பறவை உயிரோடு இருந்தது. ஆனால் இறக்கையில் பெரிய இறகுகள் இல்லை. அடைந்திருக்கும் காலத்தில் அவை உதிர்ந்துபோய் மறுபடி முளைக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது உரித்த கோழிபோல, பறக்க முடியாமல், அலகை மட்டும் திறந்து திறந்து மூடியது. மயிர்கூட முளைக்காத குஞ்சுகள் இரண்டு. ஒன்று செத்திருந்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான செல்வி தெனம் இந்தப் பக்கமா வர்ற. நீ பாக்கலியா இத?"

"பாக்கலப்பா" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் எதுவும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பொந்து இருந்த துண்டை மட்டும் இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார். பிளவைக் கொடியால் இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் நின்ற இச்சி மரத்தின் கவட்டையில் கயிறு போட்டு அந்தத் துண்டை ஏற்றி நிறுத்திக் கட்டினார். தாயையும் உயிரோடிருந்த குஞ்சையும் தன் தோள் துண்டில் முடிந்து மேலே கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, ஓடைச் சேற்றைக் குழைத்து, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விட்டுப் பூசினார். கீழே இறங்கியபோது அவர் கையெல்லாம் பறவை கொத்திய காயம். "மிச்சத்த அது பாத்துக்கும்" என்றார்.

சாயந்திரம் நானும் அவரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஆண் வந்தது. நேராக, வழக்கமாக வரும் அதே வழியில் வந்து, மருதமரம் இருந்த இடத்துக்கு, அதே உயரத்துக்குப் போய், பிடித்துத் தொங்குவதற்காகக் காலை நீட்டியது. அங்கே ஒன்றுமில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெறும் காற்றில் நின்றது. திரும்பிப்போய் மறுபடி வந்தது. மறுபடியும் அதே இடத்தில் காலை நீட்டியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது இச்சி மரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டது. தாய் பதில் சொல்லவில்லை. அலகில் பழத்தை வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அது கட்டையின் பக்கத்தில் ஒருமுறை வந்து சாய்ந்து பார்த்தது. "கண்டுபுடிச்சிடும் பாரு" என்றார் அப்பா. அந்த ஒரு நாளில் அவர் முகத்தில் இருந்த ஆசையைப் போல வேறு எதற்காகவும் நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலையில் போனபோது சேறு பெயர்ந்து கீழே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மரநாயாக இருக்கலாம், கீரியாக இருக்கலாம். இச்சி மரத்தடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மெல்லிய இறகுகள் இருந்தன. அப்பா ஒரு பெயர்ந்த சேற்றுக் கட்டியை எடுத்து விரலால் பொடித்துப் பார்த்து, "நான் பூசினது சரியில்ல" என்றார். வெட்டியதையும் சரியாகப் பூசாததையும் சேர்த்துத் தன் தலையில் அவர் போட்டுக்கொண்டது அந்த இடத்தில்தான். நான் கூடவே நின்றேன்.

ஆண் பறவை அதற்குப் பிறகும் வந்ததா, எத்தனை நாள் வந்தது என்று எனக்குத் தெரியாது. மேட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன்.

மருதமரத்து விறகு பரீட்சை முடியும்வரை வந்தது. நின்று எரியும் விறகு அது. பருப்பு நன்றாக வெந்தது. நான் வயிறாரச் சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கினேன். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் இறங்கியது. சுமை தூக்காததால் சித்திரைக்குள் அம்மாவின் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. ஒருநாள் சுடுதண்ணீரில் கையை விட்டு, "ஆ, சுடுதுடி" என்று சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கோடை முழுவதிலும் எனக்குத் தெளிவாக ஏற்பட்ட ஒரே உணர்ச்சி அதுதான். அம்மா வேலையில் கடைசிவரை இருந்து ஓய்வு பெற்றாள். அவள் போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவளுக்கும் நான் சொல்லவில்லை.

நான் கீழே இறங்கிப் படித்து, இப்போது செங்கத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா மலையிலேயே இருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஒரு மரத்தையும் வெட்டவில்லை. யாராவது பட்ட மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் நின்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார், கோடாலியின் பின்பக்கத்தால் தட்டுவார், பாறைமேல் ஏறி நான்கு பக்கமும் பார்ப்பார். ஊரில் அவரைக் கொஞ்ச காலம் கிறுக்கு என்றார்கள். பிறகு பறவைகளைக் கணக்கெடுக்கிறவர்கள் மலைக்கு வரத் தொடங்கியதும் அவரையே கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பொந்தில் கிளி, எந்தப் பொந்தில் ஆந்தை, எதில் மரங்கொத்தி என்று அவருக்குத்தான் தெரியும்.

போன மாதம் நான் மேலே போயிருந்தபோது அப்படி ஒரு கூட்டம் வந்திருந்தது, கல்லூரிப் பிள்ளைகள், கழுத்தில் பைனாகுலர். காடு பார்க்கப் பச்சையாக இருந்தது, எங்கள் காலத்தைவிட அடர்த்தியாகவே இருந்தது. எல்லாம் இளமரங்கள், ஆரோக்கியமான மரங்கள். பட்டதை மட்டுமே எடுக்கவேண்டும் என்ற சட்டத்தை எங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும் எத்தனையோ வருடங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில், பொந்து விழும் அளவுக்கு வயதான மரங்கள் போய்விட்டன. இருவாச்சியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அப்பா யோசித்துவிட்டு, "போன வருசம் ஒண்ணு மேல பறந்து போச்சு. எறங்கல" என்றார். பட்ட மரங்களை விட்டுவைக்கச் சொல்லி இப்போது அறிவிப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. சில மரங்களில் பலகைப் பெட்டிகள் செய்து கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் மைனா இருந்தது.

ஓடைக்கு வந்ததும் அப்பா அவர்களை நிறுத்தி, மருதமரம் நின்ற இடத்தைக் காட்டி, கதையைச் சொன்னார். வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லுகிறார் போலிருக்கிறது, வார்த்தைகள் பழகியிருந்தன. "தப்பு என்னுதுதாங்க. நான் சரியா பாக்கல. எம்பொண்ணு தெனம் இதே வழியா போய் வந்துட்டு இருந்துது, அது கண்ணுக்குக்கூட மாட்டல. அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும். நான் பெரிய மனுசன், நான் பாத்திருக்கணும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் இப்போதும் கொஞ்சம் உடைகிறது. பிள்ளைகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. நான் எதை எழுதினாலும் அடுத்தமுறை மலைக்குப் போகும்போது எடுத்துப்போய் வாசித்துக் காட்டவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நடுவில் பேசமாட்டார். இருவாச்சியைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். "எப்ப வர்ற" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாசிக்கப்போகிறவள் நான்தான், இரண்டு வரியை விட்டுவிட்டு வாசித்தாலும் அவருக்குத் தெரியாது.